குடும்பத்தோட தீம் பார்க் ட்ரிப்: டிக்கெட் கூப்பன் தேடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க

தீம் பார்க் போறதுக்கு பணம் மிச்சம் பண்றது எப்படின்னு யாரைக் கேட்டாலும் முதல்ல வர்ற பதில் "ப்ரோமோ கோட் இருக்கா?" தான். சேனல்ல கேள்வி கேட்கிறவங்கள்ல பாதிப் பேர் கேட்கிறதும் இதுதான். கூப்பன் தப்பில்லை, கிடைச்சா போடுங்க. ஆனா மொத்த செலவுல டிக்கெட் எவ்வளவு பங்குன்னு பேப்பர்ல எழுதிப் பார்த்தவங்க ரொம்பக் கம்மி. இன்னைக்கு அதை எழுதிப் பார்த்துடலாம்.

ஒரு உதாரணக் குடும்பம். சென்னையில வேலை. கணவன், மனைவி, 6 வயசுப் பொண்ணு, கூட 60 தாண்டின அப்பா, அம்மா. மொத்தம் 5 பேர். போற இடம் பெங்களூரு வொண்டர்லா. மைசூர் ரோட்டுல பிடதி பக்கத்துல இருக்கு, 2005-லேர்ந்து நடக்குது. கீழே நான் போடுற ரூபாய் எல்லாம் கணக்கு புரியறதுக்கான உதாரணம். நீங்க போற தேதிக்கான உண்மையான விலையைப் பார்த்து அதே இடத்துல மாத்திப் போட்டுக்கோங்க.

முதல்ல, திடீர்னு முடிவு பண்ற ட்ரிப். மே மாசம், சனிக்கிழமை. பத்து நாள் முன்னாடி யோசிச்சதால ட்ரெயின்ல இடம் இல்லை, ஆம்னி பஸ்.

பார்க் டிக்கெட்: 8,200
போக வர பஸ்: 11,000
ஹோட்டல், 2 ரூம், 2 ராத்திரி: 12,000
பெங்களூருல கேப்: 4,000
பார்க்குக்குள்ள சாப்பாடு: 3,000
நீச்சல் உடை, லாக்கர், போட்டோ: 2,500
மத்த வேளை சாப்பாடு: 3,500

மொத்தம் 44,200 ரூபாய். இதுல டிக்கெட் 8,200, அதாவது ஐந்துல ஒரு பங்கு கூட இல்லை.

இப்ப அதே குடும்பம், அதே பார்க். ஆனா காலாண்டு லீவுல ஒரு வாரநாள், இரண்டு மாசம் முன்னாடியே ட்ரெயின் புக்கிங், ஒரே ஒரு ராத்திரி தங்கல்.

பார்க் டிக்கெட்: 5,650
போக செகண்ட் சிட்டிங், வர ஸ்லீப்பர்: 2,500
ஹோட்டல், 2 ரூம், 1 ராத்திரி: 4,000
மெட்ரோ, பஸ், ஆட்டோ: 1,500
பார்க்குக்குள்ள சாப்பாடு: 1,800
லாக்கர்: 400
மத்த வேளை சாப்பாடு: 2,200

மொத்தம் 18,050. மிச்சம் 26,150 ரூபாய்! இந்த மிச்சத்துல டிக்கெட்னால வந்தது 2,550, பத்துல ஒரு பங்குதான். பஸ்ஸும் ஹோட்டலும் சேர்ந்து 16,500. அதனால கூப்பனுக்கு ஒரு மணி நேரம் செலவு பண்றவங்க, ட்ரெயினுக்கும் ஹோட்டலுக்கும் அதைவிட அதிக நேரம் ஒதுக்கணும்.

ராத்திரியைக் குறைங்க

நிறைய பேர் செய்யறது என்னன்னா, வெள்ளி ராத்திரி கிளம்பி, விடியற்காலையில இறங்கி, அரைத் தூக்கத்துல நேரா பார்க்குக்குப் போயிடுவாங்க. ஃப்ரெண்ட்ஸ் கேங்கா போனா ஓகே. அப்பா அம்மாவும் சின்னக் குழந்தையும் கூட இருந்தா இது வேண்டாம்னு நான் சொல்வேன். மதியம் ரெண்டு மணிக்கு குழந்தை அழ ஆரம்பிக்கும், நீங்க குடுத்த டிக்கெட் காசுல பாதி பெஞ்சுல தூங்கியே போயிடும்.

தலைகீழா பண்ணுங்க. காலையில சென்னையிலேர்ந்து கிளம்புற பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் மாதிரி பகல் ட்ரெயின்ல போங்க. மதியம் பெங்களூரு. சாயந்திரம் கப்பன் பார்க்ல சும்மா உட்கார்ந்துட்டு வாங்க, காசு இல்லை. ராத்திரி நல்லா தூங்கி, மறுநாள் பார்க். அன்னைக்கு ராத்திரி பெங்களூரு - சென்னை மெயில் பிடிச்சா விடியும்போது சென்னை. ஹோட்டல் ஒரு ராத்திரியோட முடிஞ்சது. பெட்டியெல்லாம்? ரூமைக் காலி பண்ணிட்டு ஸ்டேஷன் க்ளோக் ரூம்ல வெச்சுடலாம், ட்ரெயின் டிக்கெட் காட்டினா போதும்.

பிடதிக்கு ஹோட்டல் வாசல்லேர்ந்தே கேப் போட வேண்டிய அவசியம் இல்லை. பர்ப்பிள் லைன் மெட்ரோ 2023 அக்டோபர்லேர்ந்து சல்லகட்டா வரைக்கும் ஓடுது. மெஜஸ்டிக்ல ஏறினா சிட்டி டிராஃபிக்கை அப்படியே தாண்டிடலாம், மிச்ச தூரத்துக்கு மட்டும் பஸ்ஸோ ஆட்டோவோ. திரும்பி வரும்போது எல்லாரும் களைச்சிருப்பாங்க, அப்ப கேப் போடுங்க. அங்க கஞ்சத்தனம் பார்க்காதீங்க.

ஹோட்டல் ஜிஎஸ்டி பத்தி ஒரு வரி. ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரைக்கும் உள்ள ரூமுக்கு 2025 செப்டம்பர் 22-லேர்ந்து 12% இல்லை, 5%. பழைய ரேட்ல பில் போட்டா கேளுங்க. தீம் பார்க் டிக்கெட்டுக்கு 18%. ஆன்லைன்ல காட்டுற விலை ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலான்னு கடைசி பக்கம் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு கணக்கு போடுங்க. 5 பேருக்கு 18% சின்னத் தொகை இல்லை.

ட்ரெயின்ல தெரிஞ்சிருக்க வேண்டியது

முன்பதிவு இப்ப 60 நாள் முன்னாடிதான் திறக்கும். 2024 நவம்பருக்கு முன்னாடி 120 நாளா இருந்தது. பழைய நினைப்புல இருக்கிறவங்க "நாலு மாசம் முன்னாடி போடலாம்"னு தேதியைக் குழப்பிக்கிறாங்க.

குழந்தைக்கு 5 வயசு ஆகலைன்னா, தனி பெர்த் வேண்டாம்னு சொன்னா டிக்கெட்டே இல்லை. 5 வயசுலேர்ந்து 12-க்குள்ளன்னா, பெர்த் இல்லாம பாதிக் கட்டணம், பெர்த் கேட்டா முழுக் கட்டணம். நம்ம உதாரணத்துல 6 வயசுப் பொண்ணு. திரும்பற ராத்திரி பயணத்துக்கு பெர்த் எடுத்துடுங்க. பார்க்ல நாள் முழுக்க ஆடின குழந்தையை ஒரே பெர்த்துல கூட வெச்சுத் தூங்க முடியாது.

சீனியர் சிட்டிசன் கட்டணச் சலுகை 2020 மார்ச்ல நிறுத்தினது. "அப்பாவுக்குப் பாதி டிக்கெட்"னு பட்ஜெட்ல எழுதாதீங்க. ஆனா லோயர் பெர்த் கோட்டா இருக்கு. 60 வயசு தாண்டின ஆண்களுக்கும், 45 தாண்டின பெண்களுக்கும் பொருந்தும். புக் பண்ணும்போது அந்தக் கோட்டாவைத் தேர்ந்தெடுக்கணும். அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் சேர்த்து தனி பிஎன்ஆர்ல போடுறது நல்லது.

குழந்தையோட உயரத்தை அளந்துட்டு முடிவு பண்ணுங்க

பணத்தைவிட மனசு கஷ்டப்படுற இடம் இதுதான். வொண்டர்லாவுல குழந்தை டிக்கெட் வயசை வெச்சு இல்லை, உயரத்தை வெச்சு. 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், 85-லேர்ந்து 140 வரைக்கும் குழந்தை டிக்கெட், அதுக்கு மேலே பெரியவங்க டிக்கெட். பல பெரிய ரைடுக்கும் உயரம் பார்ப்பாங்க. விளம்பரத்துல தலைகீழா சுத்துமே, அந்த மாதிரி ரைடெல்லாம் சின்னப் பசங்களுக்குக் கிடையாது.

6 வயசுக் குழந்தை சராசரியா 115 செ.மீ. பக்கம் இருக்கும். நீங்க மூணு மாசமா யூட்யூப்ல ரோலர் கோஸ்டர் வீடியோ காட்டிட்டு, அங்க போனதும் அளவுகோல் முன்னாடி நிறுத்தி "நீ ஏற முடியாது பாப்பா"ன்னு சொன்னா? அன்னைக்கு அந்தக் குழந்தைக்கு வேற எதுவுமே பிடிக்காது. அதை சமாதானப்படுத்த நீங்க வாங்குற ஐஸ்கிரீமும் பொம்மையும் பட்ஜெட்ல இருக்காது!

அதனால வீட்டுச் சுவத்துல பென்சிலால கோடு போட்டு அளங்க. பார்க்கோட சைட்ல ஒவ்வொரு ரைடுக்கும் எவ்வளவு உயரம்னு இருக்கும். குழந்தையோட உட்கார்ந்து, "இதெல்லாம் நீ ஏறலாம், இதெல்லாம் பெரியவளானதும்"னு லிஸ்ட் போடுங்க. லிஸ்ட்ல ஆறேழு ரைடுக்குக் கீழே வந்தா, இந்த வருஷம் பெரிய பார்க் வேண்டாம், ரெண்டு வருஷம் தள்ளிப் போடுங்கன்றதுதான் என்னோட கருத்து. 3, 4 வயசுக் குழந்தைக்கு ஈசிஆர்-ல விஜிபி, கோயம்புத்தூர் பக்கம்னா மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர், இல்லை வெறும் மெரினா கூட போதும். தண்ணியும் மணலும் இருந்தா அந்த வயசுக்கு அதுவே தீம் பார்க்.

அப்பா அம்மாவைக் கேட்டீங்களா?

முதல் சம்பளம் வந்ததும் எல்லாரையும் கூட்டிட்டுப் போகணும்னு ஆசை இருக்கும். நல்ல ஆசைதான். ஆனா முட்டி வலி இருக்கிற அம்மாவுக்கும், பிபி மாத்திரை சாப்பிடுற அப்பாவுக்கும் பாதிக்கு மேல ரைடு கிடையாது. பிபி, இதயப் பிரச்சினை, முதுகு வலி இருக்கிறவங்க ஏறக் கூடாதுன்னு போர்டே இருக்கும். 60 தாண்டினவங்களுக்கு டிக்கெட்ல சலுகை உண்டு, வயசுக்கான அடையாள அட்டை ஒரிஜினல் கேட்பாங்க. சலுகை போனாலும் ரெண்டு பேருக்கு நம்ம கணக்குல 2,000 ரூபாய் ஆகுது.

நம்ம ஊர் அப்பாக்கள் என்ன சொல்வாங்கன்னு தெரியும். "எனக்கு எதுக்குப்பா டிக்கெட், நான் வெளியில உட்கார்ந்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க." இதை மட்டும் ஒத்துக்காதீங்க. வெயில்ல கேட்டுக்கு வெளியே எட்டு மணி நேரம் ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்க, நீங்க உள்ளே நிம்மதியா ஆட முடியாது. மிச்சம் பண்ற ஆயிரம் ரூபாய் அதுக்கு ஈடாகாது.

ரெண்டு வழி இருக்கு. அவங்களும் உள்ளே வர்றாங்கன்னா, பேத்திகூட லேசி ரிவர், வேவ் பூல் மாதிரி இடத்துல இருப்பாங்க, நீங்களும் உங்க மனைவியும் ரெண்டு மணி நேரம் பெரிய ரைடு போயிட்டு வரலாம். அப்ப அவங்க டிக்கெட் வீண் இல்லை. வர விருப்பமில்லைன்னா, அன்னைக்கு அவங்க ரூம்லயே ஓய்வா இருந்துட்டு லால்பாக் மாதிரி ஒரு இடம் போகட்டும். இந்த வழியில ரூமை சாயந்திரம் வரைக்கும் வெச்சுக்க வேண்டியிருக்கும், அந்தக் காசையும் சேர்த்துக்கோங்க. எதுன்னாலும் புக் பண்றதுக்கு முன்னாடி அவங்களையே கேளுங்க. "தீம் பார்க்கா, மைசூர் அரண்மனையா?"ன்னு கேட்டா பெரும்பாலும் அம்மாவோட பதில் உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும்.

உள்ளே போனதும் கரையற காசு

பார்க்குக்குள்ள வெளிச் சாப்பாடு விட மாட்டாங்க. அம்மா ராத்திரியே புளிசாதம் கட்டி எடுத்துட்டு வந்து, கேட்ல பையைத் திறந்து காட்டச் சொல்லும்போது முகம் வாடி நிக்கிறது நிறைய குடும்பத்துல நடக்குது. முன்னாடியே சொல்லிடுங்க. புளிசாதத்தை ட்ரெயினுக்கு வெச்சுக்கலாம், போற அன்னைக்கு மதியச் சாப்பாடு அதுதான். பார்க் நாள் காலையில 9 மணிக்கு வயிறு நிறைய டிபன் சாப்பிட்டுட்டு உள்ளே போனா, உள்ளே ஒரே ஒரு வேளை சாப்பாடோட முடிச்சுடலாம்.

தண்ணி ரைடுக்கு காட்டன் துணி, ஜீன்ஸ், புடவை, சுடிதாரெல்லாம் அனுமதி கிடையாது. நைலான், பாலியஸ்டர் மாதிரி சிந்தெடிக் துணிதான். இது தெரியாம போய் உள்ளே இருக்கிற கடையில 5 பேருக்கு உடை வாங்கினா அங்கேயே ரெண்டாயிரம் போயிடும். வீட்டுல இருக்கிற நைலான் டி-ஷர்ட், ட்ராக், லெக்கிங்ஸ் பாருங்க. அம்மா, மனைவிக்கு முழுக் கை, முழுக் கால் மூடுற நீச்சல் உடை தி.நகர்லயும் கிடைக்குது, ஆன்லைன்லயும் கிடைக்குது. டவலும் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரும் மறக்காதீங்க.

ஃபாஸ்ட் ட்ராக் டிக்கெட் சனி, ஞாயிறு கூட்டத்துக்கு. வாரநாள்ல போறவங்களுக்கு வேண்டாம்.

குழந்தை கையில 200 ரூபாய் குடுத்து, "இது உன் காசு, என்ன வேணும்னாலும் வாங்கிக்கோ, தீர்ந்தா அவ்வளவுதான்"னு காலையிலயே சொல்லிடுங்க. ஒவ்வொரு கடையிலயும் நீங்க "வேண்டாம்" சொல்றதுக்கு பதிலா, குழந்தையே மூணு கடை யோசிச்சு வாங்கும்.

கார்டுல போட்டுட்டு அப்புறம் கட்டிக்கலாமா?

ரெண்டு பேரை எடுத்துக்கோங்க. ரெண்டு பேராலயும் மாசம் 2,500 ரூபாய் ஒதுக்க முடியும்.

முதல் ஆள் ஜனவரியில 2,500 ரூபாய்க்கு ஆர்டி ஆரம்பிக்கிறார். 8 மாசத்துல 20,000. நம்ம 18,050 ட்ரிப்புக்கு இது போதும், கையில கொஞ்சம் மிச்சமும் இருக்கும். வட்டி 6.5%ன்னு வெச்சாலும் 500 ரூபாய் கூட வராது. ஆர்டில வட்டிக்காகப் போடலை, சம்பளம் வந்த மறுநாளே பணம் கண்ணுல படாம நகர்றதுக்காகப் போடுறோம்.

ரெண்டாவது ஆள் மே மாசமே 44,200-ஐ கிரெடிட் கார்டுல தேய்ச்சுட்டு, அப்புறம் மாசம் 2,500 கட்டுறார். பல கார்டுகள்ல வட்டி மாசத்துக்கு 3.5%க்குப் பக்கம். முதல் மாசம் வட்டி மட்டும் 1,547. அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி 278. ரெண்டும் சேர்ந்து 1,825. கட்டின 2,500-ல அசல் குறைஞ்சது வெறும் 675! இப்படியே போனா கடன் முடிய 33 மாசம் ஆகும். மொத்தமா கட்டினது 80,000-ஐத் தாண்டும். 6 வயசுல போன பொண்ணுக்கு 9 வயசு ஆகும்போதுதான் அந்த ஒரு நாள் செலவு தீரும். இதுல இன்னொரு அடி: பாக்கி இருக்கிற வரைக்கும் புதுசா கார்டுல வாங்குற மளிகை, பெட்ரோலுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது.

"நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கே ப்ரோ?" வட்டியே இல்லாத இஎம்ஐன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013-ல சொல்லியிருக்கு. வட்டியை தள்ளுபடியில மறைப்பாங்க, இல்லை ப்ராசஸிங் கட்டணத்துல வாங்குவாங்க, வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டியும் வரும். கார்டை ரிவார்டுக்காகப் பயன்படுத்துங்க, ஆனா ஆர்டி பணம் கையில இருக்கும்போது மட்டும், முழுத் தொகையையும் கெடு தேதிக்குள்ள கட்டுற மாதிரி.

அவசரகால நிதிலேர்ந்து எடுக்கலாமான்னும் கேட்பீங்க. வேண்டாம். அது அப்பாவுக்கு ராத்திரி நெஞ்சு வலி வந்தா ஆஸ்பத்திரியில கட்ட வேண்டிய காசு.

சம்பளத்துல எல்டிஏ இருக்கிறவங்க கவனிங்க. பழைய வரி முறையில இருந்தா, நாலு காலண்டர் வருஷத் தொகுதியில ரெண்டு பயணத்துக்கு வரி விலக்கு கேட்கலாம். பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான். ஹோட்டல், சாப்பாடு, பார்க் டிக்கெட் எதுவும் சேராது. உங்களைச் சார்ந்திருக்கிற அப்பா அம்மாவோட ட்ரெயின் டிக்கெட்டும் சேரும், ஆனா நீங்களும் லீவு போட்டுப் பயணம் பண்ணியிருக்கணும். புதிய வரி முறையில இந்த விலக்கு கிடையாது. நம்ம உதாரணத்துல ட்ரெயின் செலவே 2,500தான், அதனால இதுக்காக வரி முறையை மாத்தணும்னு யோசிக்காதீங்க.

சென்னைக்காரங்களுக்கு இன்னொரு கணக்கு

வொண்டர்லா 2025 டிசம்பர்ல திருப்போரூர் பக்கமும் திறந்தாச்சு. நம்ம ரெண்டாவது பட்ஜெட்லேர்ந்து ட்ரெயின், ஹோட்டல், வெளிச் சாப்பாட்டை எடுத்துட்டா 9,350 ரூபாய்ல அதே நாள் முடியும், டிக்கெட் விலை ஒரே மாதிரி இருக்கும்னு வெச்சுக்கிட்டா. பார்க் மட்டும்தான் ஆசைன்னா பெங்களூரு போறதுக்கு காரணமே இல்லை. ட்ரெயின் பயணமும் ஊர் பார்க்கிறதும் வேணும்னா 18,050 நியாயமான செலவுதான். அம்மா ட்ரெயின்ல ஏறி பத்து வருஷம் ஆச்சுன்னா, அந்த ஜன்னல் சீட்டுக்குக் குடுக்கிற காசு வீண் செலவுன்னு நான் சொல்ல மாட்டேன். திருச்சி, மதுரையிலேர்ந்து வர்றவங்களுக்கு இதுவே தலைகீழ்: சென்னைதான் உங்க வெளியூர் ட்ரிப், சொந்தக்காரங்க வீடு இருந்தா ஹோட்டலும் மிச்சம்.

எதை முதல்ல புக் பண்றது?

பெரும்பாலானவங்க ஆஃபர் முடியுதுன்னு பார்க் டிக்கெட்டை முதல்ல வாங்கிடுவாங்க. அப்புறம் லீவு கிடைக்காது, இல்லை ட்ரெயின் கிடைக்காது. அந்த தேதிக்காக ஆம்னி பஸ்ஸுக்கு மூணு மடங்கு குடுப்பாங்க. முதல்ல மேனேஜர்கிட்ட லீவு மெயில்ல ஓகே வாங்குங்க. ரெண்டாவது ட்ரெயின், போக வர ரெண்டும். மூணாவது ஹோட்டல், இலவசமா கேன்சல் பண்ற வசதியோட. பார்க் டிக்கெட் கடைசி. வாரநாள்ல அது தீர்ந்து போற பொருள் இல்லை. முன்கூட்டி வாங்கினா தள்ளுபடி எத்தனை நாள் முன்னாடி வரைக்கும், தேதி மாத்த முடியுமான்னு பார்த்துட்டு வாங்குங்க.

ஆர்டி முடியறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே ட்ரெயின் காசு தேவைப்படும். அதை ஜூலை சம்பளத்துலேர்ந்து போட்டுட்டு, ஆர்டி முதிர்ந்ததும் எடுத்துக்கோங்க. செப்டம்பர் 29 பயணம்னா முன்பதிவு ஜூலை 31 காலை 8 மணிக்குத் திறக்கும். அஞ்சு பேரோட பேர், வயசெல்லாம் ஐஆர்சிடிசி மாஸ்டர் லிஸ்ட்ல முந்தின நாளே ஏத்தி வெச்சுடுங்க, 8 மணிக்கு டைப் பண்ணிட்டு இருக்க நேரம் இருக்காது.